தொட்டி கறுத்துப்போன ஐப்பசி

முதன்முதலில் நான் பார்த்தபோது அவர் காற்றூட்டத் தொட்டியின் விளிம்பில் முட்டுக்குத்தி உட்கார்ந்து, கம்பித் தடுப்புக்கு வெளியே முகத்தை நீட்டி மணம் பிடித்துக்கொண்டிருந்தார். கீழே காப்பிப்பொடி நிறத்தில் தண்ணீர் கொதிப்பதுபோலப் புரண்டுகொண்டிருந்தது. அந்தச் சிறிய ஊர் குளித்துத் துவைத்துக் கழுவிக் கொட்டிய தண்ணீர் எல்லாம் அங்கேதான் வந்து சேரும். சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தி நின்ற என்னை அவர் திரும்பிப் பார்த்தார். "மூக்க விடுங்க டீச்சரே. புதுமழ பெஞ்ச மண்ணு மணம் வருதான்னு பாருங்க. வந்துதுன்னா அவியளுக்கு சொகம்." தயங்கித் தயங்கித் துணியை விலக்கினேன். அப்படித்தான் மணத்தது.

'அவியள்' என்று அவர் சொன்னது அந்தத் தொட்டியில் வாழும் நுண்ணுயிர்களை. மூத்தவர்களையும் சம்பந்தி வீட்டாரையும் சொல்லும் மரியாதைச் சொல்லை அவர் கண்ணுக்குத் தெரியாத அந்த உயிர்களுக்கு வைத்திருந்தார். பன்னிரண்டு வருடம் பள்ளியில் வேதியியல் நடத்திவிட்டு, வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு வேலை வேண்டும் என்று நகராட்சிக் கழிவுநீர் நிலையத்தின் ஆய்வகத்துக்கு வந்தவள் நான். என் ஊரான கருங்கல்லில் இருந்து ஒரே பஸ்தான். நான் பள்ளியில் இருந்தவள் என்ற செய்தி எனக்கு முன்பே அங்கே போய்விட்டதால், கடைசிவரை அவருக்கு நான் டீச்சர். எனக்கு அவர் ஆப்பரேட்டர். ஏறக்குறைய ஒரே வயதுக்காரர்கள் நாங்கள்.

வளைகுடாவில் பதினான்கு வருடம் இதே வேலையைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர் அவர். ஆனால் அவருடைய சர்ச் சபையில் யாருக்கும் அது சரியாகத் தெரியாது. "முனிசிபாலிட்டியில மோட்டார் ஓட்டுகேன்" என்று பொதுவாகச் சொல்லி வைத்திருந்தார். சாயங்காலம் வேலை முடிந்ததும் நிலையத்திலேயே சோப்பு தேய்த்துக் குளித்து, அலமாரியில் மடித்து வைத்திருக்கும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் வெளியே இறங்குவார். ஞாயிறு ஆராதனைக்குப் போகிறவரைப்போல இருப்பார். கேலி செய்ததற்கு ஒருமுறை, "மணம் நம்மள விட்டுப் போயிரும் டீச்சரே. ஆளுவளுக்க மனசில ஒட்டுனா போவாது" என்றார்.

எல்லாம் தெரிந்தவர் அவருடைய அக்கா ஒருத்திதான். தாய் இறந்தபோது தம்பிக்கு நாலு வயது. அக்காதான் குளிப்பாட்டி, பள்ளிக்கு அனுப்பி, விமானம் ஏற்றிவிட்டது. கல்யாணம் முடிந்து சில வருடத்திலேயே அக்காவுக்கு வீட்டுக்காரர் இல்லாமல் போனார். வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை போட்டு, தோட்டங்களில் இருந்து ரப்பர் பால் வாங்கி, ஆசிட் விட்டு உறைய வைத்து, உருளையில் கொடுத்துத் தகடாக்கி விற்றார். நாலு பெண்கள் அங்கே வேலை செய்தார்கள். தினமும் மத்தியானம் அந்த வீட்டிலிருந்து ஒரு தூக்குப்பாத்திரம் வரும். மரச்சீனிக் கிழங்கு வேகவைத்ததும் மீன் கறியும். அளவு எப்போதும் இரண்டு பேருக்கு. "டீச்சருக்கு முள்ளில்லாத்த துண்டு வெச்சிருக்கு" என்று தம்பியிடம் சொல்லிவிடுவாராம். அந்த அக்காவை நான் அதுவரை பார்த்ததில்லை. மீன் கறியின் புளிப்பை வைத்து ஒரு முகத்தை நானாகக் கற்பனை செய்து வைத்திருந்தேன்.

மூன்றாவது வருடம், ஐப்பசி மாதம். விடாமல் பெய்த மழை இரண்டு நாள் ஓய்ந்திருந்தது. திங்கட்கிழமை காலை நான் கேட்டுக்குள் நுழையும்போதே அழுகிய முட்டை மணம் அடித்தது. தொட்டியின் மேல் வெள்ளை நுரை ஆள் உயரத்துக்கு எழும்பி நின்றது. நுரை விலகிய இடத்தில் தண்ணீர் காப்பி நிறத்தில் இல்லை, கரித்துணி பிழிந்ததுபோல இருந்தது. ஆப்பரேட்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அமிலம் காட்டும் சோதனைக் காகிதத்தை முக்கி எடுத்தேன். பச்சையை ஒட்டி நிற்க வேண்டிய நிறம் ஆரஞ்சாக மாறியது. எங்கிருந்தோ அமிலம் வந்து இறங்கியிருந்தது.

"அவிய செத்துப் போனாவ டீச்சரே" என்றார்.

தொட்டியில் உயிர்கள் இல்லை என்றால் அழுக்கைத் தின்ன ஆள் இல்லை. வரும் சாக்கடை அப்படியே வெளியேறும் வாய்க்கால் வழியாக ஆற்றில் விழும். அதைத் தடுத்து நிறுத்தவும் முடியாது. ஊர் குளிப்பதையும் துவைப்பதையும் எப்படி நிறுத்துவது? ஆறோ எங்கள் நிலையத்தைக் கடந்து, படியிறங்கிக் குளிக்கும் ஒரு கடவைத் தொட்டு, அதற்கும் கீழே குடிநீருக்காக மணலில் இறக்கிய உறைகிணற்றை உரசிக்கொண்டு தேங்காய்ப்பட்டணத்துக் கடலுக்குப் போகிறது.

நிலையத்தை ஒப்பந்தத்தில் எடுத்து நடத்திய நிறுவனத்தின் மேற்பார்வையாளருக்குப் போன் போட்டேன். அவர் வெளியூரில் இருந்தார். "பதறாதீங்க மேடம். ரெண்டு நாள்ல தானா சரியாயிடும். ரெஜிஸ்டர்ல வழக்கமான ரீடிங்கையே போட்டுடுங்க" என்றார். நான் ஒப்பந்தத்தில் வேலை பார்த்தவள். அந்த வருடம் என் வீட்டில் என் சம்பளம் மட்டும்தான். பதிவேட்டைத் திறந்து, முந்தைய வாரத்து எண்களைச் சற்றே முன்பின்னாக மாற்றி எழுதினேன். பள்ளியில் செய்முறைத் தேர்வில் பக்கத்துப் பிள்ளையின் விடையைப் பார்த்து எழுதும் மாணவிகளை எத்தனையோ முறை எழுப்பி நிறுத்தியிருக்கிறேன். அன்று என் கை அதையே செய்தது. எழுதி முடித்து நிமிர்ந்தபோது ஆப்பரேட்டர் வாசலில் நின்றிருந்தார். பதிவேட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அலமாரியைத் திறந்து வெள்ளைச் சட்டையை எடுத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, அதைத் திரும்ப வைத்துவிட்டு, சேறு தெறித்த காக்கிச் சட்டையோடு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

மத்தியானம் வரை ஆளைக் காணவில்லை. தேடிப் போனேன். கடவில் ஏழெட்டுப் பேருக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தார். தோளில் துவர்த்துத் துண்டோடு ஒருவர் அவருடைய முகத்துக்கு நேரே கையை நீட்டிக் கத்தினார். "எங்கப்பன் காலத்திலயிருந்து குளிக்க கடவு. எறங்காண்டாம்னு சொல்லதுக்கு நீ ஆருடே?"

"நான் சாக்கடத் தண்ணி சுத்தம் செய்யிய பிளாண்டில வேல செய்யியவன். எங்களுக்கு அங்க கேடு வந்து போச்சு. இன்னிக்கு வாற வெள்ளம் சுத்தமில்ல. பெரியவிய நீங்க என்னவும் செய்யுங்க, பிள்ளையள மட்டும் எறக்காதீங்க."

கூட்டத்தில் அவருடைய சபை மூப்பர் ஒருவரும் இருந்தார். "ஏலே, நீ மோட்டாரில்லா ஓட்டுகேன்னு சொன்ன?" என்று அவர் கேட்டார். "ஆமா. அந்த மோட்டாருதான் பாட்டா" என்றார் இவர். காது மடல் சிவந்திருந்தது. ஆனாலும் படியை விட்டு நகரவில்லை. அதற்கு முன்பே உறைகிணற்றுக்குப் போய், பம்பு ஓட்டுகிறவரிடம் சொல்லி நிறுத்த வைத்திருக்கிறார். மூன்று நாள் முறைவைத்து அந்தப் படியில் நின்றோம். காலையில் அவர், மத்தியானம் நான். திட்டு வாங்குவதற்கும் நாளடைவில் ஒரு பழக்கம் வந்துவிடுகிறது.

இடையில் அமிலம் வரும் இடத்தையும் தேடினோம். துப்புரவுத் தொழிலாளர் இரண்டு பேர் கொக்கி போட்டு மேன்ஹோல் மூடிகளைத் தூக்குவார்கள். யாரும் உள்ளே இறங்கக் கூடாது என்பதில் ஆப்பரேட்டர் கண்டிப்பாக இருந்தார். கயிற்றில் கட்டிய எவர்சில்வர் போணியை இறக்கித் தண்ணீர் மொண்டு தருவார், நான் காகிதத்தை முக்குவேன். இரண்டு குழாய் சேரும் இடத்தில் எதில் ஆரஞ்சு வருகிறதோ அதைப் பிடித்து மேலே நடப்போம். பஸ் நிலையத்தைத் தாண்டினோம், சந்தையைத் தாண்டினோம். புதன்கிழமை பதினோரு மணிக்கு, போன வருடம் புதிதாகக் குழாய் போட்ட ஒரு தெருவுக்குள் திரும்பினோம். இரண்டாவது மூடியைத் தூக்கியபோது ஆரஞ்சு, சிவப்பாகிவிட்டது. "ஆளு கிட்டதான் இருக்கு" என்றேன் உற்சாகத்தோடு. ஆப்பரேட்டர் போணியைக் கையில் வைத்துக்கொண்டு தெருக்கோடியில் ஒரு நீலக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கதவைத் திறந்துகொண்டு வந்தவர் நான் கற்பனை செய்த முகத்தைவிட ஒல்லியாக இருந்தார். "டீச்சரா? வாருங்க, வாருங்க. சாயா குடிச்சிட்டுப் போலாம்" என்று என் கையைப் பிடித்தார். பின்பக்கம் எங்கோ ஒரு மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. ஆப்பரேட்டர் நேராக வீட்டுக் குழாய் தெருக் குழாயோடு சேரும் தொட்டிக்குப் போனார். கொட்டகைப் பக்கமிருந்து புதிதாக ஒரு கறுப்புக் குழாய் அதற்குள் இறங்கியிருந்தது. காகிதத்தை அவரே முக்கினார்.

"இந்தப் பைப்பு எப்பம் போட்ட அக்கா?"

"சனியாச்ச மக்கா. மழையில ஆசிட் வெள்ளம் விடுற குழி நெறஞ்சு போச்சு. கொட்டகைக்குள்ள முட்டளவு நிக்கு. பெண்ணுவ எப்பிடி நிண்ணு வேல செய்யும்? அதான் மோட்டார் வெச்சு எறைக்கேன்."

"அதுக்கு இதுலயா விட்ட?"

"வேற எங்க விட? ஆத்திலயா விடச் சொல்லிய? இது ஒனக்க இடத்துக்குத்தானே போவுது. அங்க நீ இருக்கேல்லா."

அந்த அம்மாள் அதை முழு நம்பிக்கையோடு சொன்னார். தம்பி படித்து, கடல் கடந்து போய்க் கற்று வந்த வேலை எதையும் சுத்தமாக்கிவிடும் என்று நினைத்திருக்கிறார். ஆப்பரேட்டர் போய் மோட்டாரை நிறுத்தினார். குழாயைப் பிடுங்கி வைத்தார். அக்கா தந்த சாயாவை நின்றபடியே குடித்து முடித்தார். தெருவுக்கு வந்ததும் என்னிடம் புகார்ப் புத்தகத்தையும் பேனாவையும் கேட்டார்.

"பைப்பைத்தான் எடுத்தாச்சே. நமக்குள்ளேயே இருக்கட்டும்" என்றேன். மனதார அதைத்தான் விரும்பினேன்.

அவர் மதில்மேல் புத்தகத்தை விரித்து வைத்தார். "நாளைக்கி வேற ஒருத்தன் விடுவான் டீச்சரே. அவனுக்க வீட்டுல போய் நிண்ணு நான் எந்த மொகத்த வெச்சு சொல்லுவேன்? மூணு நாளு அந்தப் படியில நிண்ணு ஊருக்காரன தடுத்தேனே" என்றார். பிறகு அக்காவின் பெயரையும் கதவு எண்ணையும் எழுதினார். அதற்குக் கீழே, 'இந்த வீட்டுக்கு இணைப்பு வாங்கிக் கொடுத்தது நான்' என்று எழுதித் தன் கையெழுத்தைப் போட்டார். எழுத்து கோணலாக இருந்தது.

நிலையத்துக்குத் திரும்பியதும் நான் ஆய்வகக் கதவைச் சாத்திக்கொண்டு பதிவேட்டைத் திறந்தேன். மூன்று நாள் எழுதிய பொய் எண்களின் மேல் ஒற்றைக் கோடு இழுத்து, பக்கத்தில் உண்மையான எண்களை எழுதி ஒவ்வொன்றுக்கும் கையெழுத்திட்டேன். நான் இயல்பிலேயே நேர்மையானவள் என்று இதைப் படிக்கும் யாரும் நினைத்துவிடக் கூடாது. அந்த மதிலும் அந்தக் கோணல் எழுத்தும் இல்லையென்றால் நான் அந்தக் கோட்டை இழுத்திருக்க மாட்டேன்.

அடுத்த வாரம் அதிகாரிகள் வந்து கொட்டகைக்குப் பூட்டுப் போட்டார்கள். நாலு பெண்களும் வேலையில்லாமல் வீட்டுக்குப் போனார்கள். ஆப்பரேட்டர் ஒளியவில்லை, பூட்டுப் போடும்போது அங்கேயே நின்றார். அக்கா அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டாராம். "எழுததுக்கு முன்னால எனக்கிட்ட ஒரு வார்த்த சொல்லப்பிடாதா மக்கா?" சொல்லிவிட்டு எழுதியிருக்கலாம். அந்தத் தெருவில் திரும்பி நடக்க நாலு எட்டுதான். ஆனால் திரும்பி உள்ளே போயிருந்தால் எழுதியிருக்க மாட்டேன் என்று பின்னொரு நாள் அவரே சொன்னார்.

மறுநாள் தூக்குப்பாத்திரம் வரவில்லை. அதன் பிறகும் வரவில்லை. நான் கொண்டுபோன சோற்றைப் பகிர்ந்தால் இரண்டு கவளம் வாங்கிக்கொள்வார். மற்றபடி முக்குக் கடையில் ஒரு சாயாவும் ஒரு பன்னும்.

தொட்டிக்கு உயிர் கொடுக்கும் வேலை தொடங்கியது. வேறொரு நிலையத்தில் இருந்து உயிருள்ள சேற்றைத் தண்ணீர் லாரியில் கொண்டுவந்து கலந்தோம். ஆப்பரேட்டர் கருப்பட்டியைக் கரைத்து ஊற்றினார், சாணியைக் கரைத்து ஊற்றினார். காற்றைக் கூட்டினார், குறைத்தார். காய்ச்சல் விட்ட பிள்ளைக்குக் கஞ்சி கொடுப்பதுபோல, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சாக்கடையை உள்ளே விட்டார். இரண்டு வாரம் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவது வாரம் ஒரு காலையில் என்னை அழைத்து, "மணம் பிடிச்சுப் பாருங்க, எனக்கு நம்பிக்க இல்ல" என்றார். எனக்கு ஈரமண்ணின் வாடை லேசாக வந்தது. ஒரு சொட்டை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் விட்டு நுண்ணோக்கியில் வைத்தேன். மெல்லிய காம்பின் நுனியில் மணிபோலக் கவிழ்ந்த ஓர் உயிர் வாயைத் திறந்து திறந்து தண்ணீரைச் சுழற்றி இரை பிடித்துக்கொண்டிருந்தது. திடீரெனக் காம்பு சுருண்டது, மறுபடி நீண்டது.

அவரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். அப்போதுதான் தெரிந்தது, இத்தனை வருடத்தில் அவர் ஒருமுறைகூட அவற்றைப் பார்த்ததில்லை. வளைகுடாவில் ஆய்வகத்துக்குள் ஆப்பரேட்டர்களை விடமாட்டார்களாம். இங்கே நானும் அவரைக் கூப்பிட்டதில்லை, எனக்குத் தோன்றவேயில்லை. ஒற்றைக் கண்ணை மூடிக் குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை. "இவியதானா?" என்றார் ஒருமுறை. பிறகு, "தின்னுது டீச்சரே, தின்னுது" என்றார். நிமிர்ந்தபோது கண் நனைந்திருந்தது. "அக்காவுக்குக் காட்டணும்" என்று சொல்லிவிட்டு உடனே வெளியே போய்விட்டார்.

ஞாயிறுகளில் ஆராதனை முடிந்து அவர் அக்கா வீட்டுக்குப் பின்பக்கமாகப் போனார். அமிலத் தண்ணீரைச் சுண்ணாம்பு சேர்த்து முறித்துத் தெளியவைக்க, அடுத்தடுத்து மூன்று தொட்டி கட்டவேண்டும் என்று அதிகாரிகள் சொல்லியிருந்தார்கள். செங்கல் அடுக்குவது, பூசுவது எல்லாம் அவரே. அக்கா வீட்டுக்குள்ளேயே இருந்தார். சுத்தமான தண்ணீர் என்று சான்று கிடைத்தால்தான் பூட்டுத் திறக்கும். மாசி மாதம் ஒரு நாள், அந்தத் தண்ணீரை ஒரு பாட்டிலில் எடுத்துக்கொண்டு அக்காவே என் ஆய்வகத்துக்கு வந்தார். மூக்கைப் பொத்தவில்லை. காகிதம் பச்சை காட்டியது. சோதனை முடிந்த பிறகும் போகாமல் நின்றார். "அவன் சொல்லியிருக்கான், என்னமோ உசிரு உண்டுன்னு" என்றார்.

தொட்டித் தண்ணீரில் ஒரு சொட்டை எடுத்து நுண்ணோக்கியில் வைத்துக் கொடுத்தேன். குனிந்தார்.

"வாயெல்லாம் இருக்கே இதுக்கு" என்றார். "எத்தன இருக்கும் டீச்சரே, அந்தத் தொட்டியில?"

"எண்ண முடியாது."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே நடந்தார். ஆப்பரேட்டர் தொட்டியின் மறுபக்கம் வால்வைத் திருகுவதுபோல நின்றிருந்தார். வெகுநேரமாகத் திருகிக்கொண்டிருந்தார். அக்கா கம்பியைப் பிடித்து மெதுவாகச் சுற்றி வந்து அவர் பக்கத்தில் நின்றார். காற்று ஊதும் எந்திரத்தின் இரைச்சலில் முதலில் ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்சம் நெருங்கிப் போனேன், வெட்கத்தைவிட்டு.

"இவியளுக்கு நீ என்னத்தக் குடுத்த?"

"கருப்பட்டியும் சாணியும்."

"நீ? நீ என்னவும் தின்னியா மக்கா?"

அவர் தொட்டியைப் பார்த்தபடியே தலையை இல்லை என்று ஆட்டினார். நாலு மாதத்துக்கும் சேர்த்து ஆட்டியதுபோல இருந்தது.

அந்த வருடத்தோடு என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. காரணம் எதுவும் எழுதித் தரவில்லை. மார்த்தாண்டம் பக்கம் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் சேர்ந்தேன். கிறிஸ்துமஸுக்கு அவர் வீட்டிலிருந்து பலகாரம் வரும், பொங்கலுக்கு என் வீட்டிலிருந்து போகும். போன வருடம் ஆனி மாதம், ஒரு மத்தியானம், வேலையில் இருக்கும்போதே நெஞ்சு வலித்து அவர் போய்ச் சேர்ந்தார். அடக்கத்துக்குப் போனேன். கூட்டம் அதிகம் இருந்ததால் அக்காவிடம் பேச முடியவில்லை.

சென்ற மாதம்தான் பேச வாய்த்தது. மழைக்காலம். காலை ஆறரை மணிக்கே அக்கா வீட்டுக்குப் போய்விட்டேன், மத்தியானம் கல்லூரிக்குத் திரும்ப வேண்டியிருந்தது. கொட்டகையில் உருளை ஓடும் சத்தம். அக்கா சாயா கொண்டுவந்து வைத்த நேரம், அலமாரிமேல் இருந்த போன் அடித்தது. தம்பியின் போன். அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு எடுத்தார்.

"ஆமா, நான்தான். கடவுலயா நிக்கிய? நில்லுங்க, கேட்டுச் சொல்லியேன்."

துண்டித்துவிட்டு வேறொரு எண்ணை அழுத்தினார். நிலையத்தின் புதிய ஆப்பரேட்டர் என்று பேச்சில் தெரிந்தது. தொட்டி என்ன நிறம் என்று கேட்டார். மணம் எப்படி என்று கேட்டார். அந்த மூன்று நாளுக்குப் பிறகு கடவுக்காரர்கள் சிலர் தம்பியின் எண்ணை வாங்கி வைத்திருந்தார்களாம். மழைக்காலக் காலைகளில் இறங்குமுன் அவரிடம் கேட்டுக்கொள்வார்களாம். எனக்கு இது தெரியாது. அவர் என்னிடம் சொன்னதேயில்லை. அவர் போன பிறகும் அழைப்புகள் நிற்கவில்லை. முதல் சில நாள் அடித்து ஓயட்டும் என்று விட்டிருக்கிறார் அக்கா. பிறகு மனது கேட்கவில்லை.

பேசி முடித்து, கடவுக்காரருக்கு அவரே திரும்பப் போன் போட்டார்.

"எறங்கலாம்" என்றார். "பிள்ளையளக் கையப் பிடிச்சு எறக்குங்க, ஆத்துல ஒழுக்கு இழுக்கும்."

போனை அலமாரிமேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "சாயா ஆறிப் போச்சா டீச்சரே?" என்று கேட்டார்.